வேண்டாததைச் சொல்லத் தெரியாத ரெஜெக்ஸ்

‘விளம்பரம்’ என்ற சொல் உள்ள தலைப்புகளை எல்லாம் எடுத்துக் கொடு என்று கேட்டால், உரையில் எதைத் தேடவேண்டும் என்பதை ஒரு வடிவமாக எழுதிக்கொடுக்கும் குறிமொழியான ரெஜெக்ஸுக்கு அது கைவந்த கலை. அந்தச் சொல்லை அப்படியே எழுதினால் போதும். ‘விளம்பரம்’ இல்லாத தலைப்புகளை எடுத்துக் கொடு என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி கொஞ்சம்தான் மாறியிருப்பதுபோலத் தோன்றும். எழுத உட்காரும்போதுதான் இது வேறு கணக்கு என்று பிடிபடும்.

தளங்களின் புதுப் பதிவுகளைத் தொடர்ந்து கொண்டுவரும் செய்தியோடைகளைப் படிப்பவர்கள், சர்வர் பதிவுகளைக் கண்காணிப்பவர்கள், வெளியிலிருந்து வரும் தரவுக் கோப்புகளைத் தரவுத்தளத்தில் ஏற்றுபவர்கள் என்று பலரும் இந்த இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். முட்டிக்கொண்டதே பலருக்குத் தெரிவதில்லை என்பதுதான் வேடிக்கை. எடுக்கச் சொன்ன வடிகட்டி தப்பாக எடுத்தால், தப்பான உருப்படி கண்முன்னே வந்து நிற்கும். விலக்கச் சொன்ன வடிகட்டி தப்பாக விலக்கினால் எதுவும் வந்து நிற்காது. வராத செய்தியை யார் தேடப்போகிறார்கள்? அதனால், விலக்கும் ரெஜெக்ஸை எழுதுவதில் இலக்கணத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ‘இல்லை’ என்ற தீர்ப்பை எந்த இடத்தில் வைப்பது, வடிவத்துக்கு உள்ளேயா வெளியேயா? பெரும்பாலும் வெளியேதான் வைக்கவேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

மூன்று செயல்கள், அவற்றில் ‘இல்லை’ இல்லை

ரெஜெக்ஸின் வேர் கணினியில் இல்லை, நரம்பியலில் இருக்கிறது. வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் இருவரும் 1943இல் நரம்புச் செல்களுக்கு ஒரு கணித மாதிரியை வகுத்தார்கள். அப்படிப்பட்ட வலைகளால் எந்தெந்த நிகழ்வுத் தொடர்களை அடையாளம் காணமுடியும் என்று கணிதவியலர் ஸ்டீபன் கிளேனி ஆராய்ந்தார். 1951இல் ராண்ட் நிறுவனத்தின் அறிக்கையாக எழுதப்பட்டு 1956இல் அச்சான அந்த ஆய்வில் மூன்றே செயல்கள்: ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது, இதுவோ அதுவோ என்பது, எத்தனை முறை வேண்டுமானாலும் வரட்டும் என்பது. 1968இல் கென் தாம்சன் இதைத் தேடல் நிரலாக மாற்றும் முறையை வெளியிட்டார். உரைத்திருத்திகளில் நுழைந்து, 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் கிரெப் என்ற தேடல் கட்டளையாகத் தனியே வெளிவந்தது.

மூன்று செயல்களிலும் ‘இல்லை’ கிடையாது. கணிதப்படி அதற்குத் தேவையும் கிடையாது. ஒரு ரெஜெக்ஸை, எழுத்துக்கு எழுத்து நிலை மாறும் பொறியாக வரைந்தால், சில நிலைகள் ‘ஏற்கிறேன்’ என்றும் மற்றவை ‘ஏற்கவில்லை’ என்றும் இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே ஒரு வழி மட்டும் உள்ள பொறியாக அதை மாற்றிக்கொண்டு, இரண்டு வகை நிலைகளையும் இடம் மாற்றிவிட்டால் எதிர்மறைப் பொறி தயார். அந்தப் பொறிக்கும் ஒரு ரெஜெக்ஸ் கட்டாயம் உண்டு. ஆகவே ‘இன்னது இல்லாதது’ என்பதை எந்தப் புதுக் குறியும் சேர்க்காமல் எழுதமுடியும். எழுதினால் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. ‘கட’ என்ற இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வராத உரைக்கு வடிவம் இது:

^([^க]|க+[^கட])*க*$

^ உரையின் தொடக்கம், $ முடிவு. இடையே க அல்லாத எழுத்து வரலாம்; அல்லது க ஒன்றோ பலவோ வந்து, அதன்பின் கவும் டவும் அல்லாத ஒன்று வரலாம்; கடைசியில் க வந்து முடியலாம். இரண்டு எழுத்துக்கே இவ்வளவு. எட்டுப் பத்து எழுத்துள்ள சொல்லுக்கு இப்படி எழுதி முடிப்பவர் யாரும் மறுநாள் அதைப் படித்துப் புரிந்துகொள்ள மாட்டார். சில ரெஜெக்ஸ்களின் எதிர்மறையை எழுதப்போனால் நீளம் அடுக்கின்மேல் அடுக்காக, அதாவது இரட்டை அடுக்குக்குறி வேகத்தில், பெருகும் என்று கோட்பாட்டாளர்கள் நிறுவியும் இருக்கிறார்கள்.

யூனிக்ஸ்காரர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கிரெப் கட்டளையின் ‘வி’ என்ற தெரிவு, பொருந்தும் வரிகளை விட்டுவிட்டுப் பொருந்தாத வரிகளை அச்சிடும். வடிவம் நேர்மறையாகவே இருக்கும்; தீர்ப்பு மட்டும் வெளியே புரட்டப்படும். இதைவிடச் சுத்தமான தீர்வு பின்னால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பெர்ல் கொண்டுவந்த குறி

1994இல் வந்த பெர்ல் 5 நிரல்மொழி, வடிவத்துக்கு உள்ளேயே ‘இல்லை’ சொல்லும் வழியைத் திறந்தது. இதற்கு நெகட்டிவ் லுக்அஹெட் என்று பெயர். (?!...) என்று எழுதினால், ‘இந்த இடத்திலிருந்து முன்னே பார், உள்ளே சொன்னது அங்கே தொடங்கினால் தோல்வி’ என்று பொருள். பார்ப்பதோடு சரி, ஒரு எழுத்தைக்கூட விழுங்காது. பின்னோக்கிப் பார்க்கும் லுக்பிஹைண்ட், (?<!...) என்ற உருவில், 1998இல் பெர்ல் 5.005 பதிப்பில் சேர்ந்தது. பிலிப் ஹேசல் 1997இல் எழுதத் தொடங்கிய பிசிஆர்இ நூலகம் பெர்லின் ரெஜெக்ஸ் பாணியைப் பல மொழிகளுக்கும் மென்பொருள்களுக்கும் கொண்டுசேர்த்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு லுக்அஹெட் 1999இலேயே வந்துவிட்டது. லுக்பிஹைண்ட் வர 2018 ஆயிற்று.

ஆக, ‘விளம்பரம்’ இல்லாத தலைப்பு:

^(?!.*விளம்பரம்).*$

தொடக்கத்தில் நில், அங்கிருந்து பார்த்தால் எங்காவது ‘விளம்பரம்’ தென்படுகிறதா பார், தென்படாவிட்டால் முழு வரியையும் எடு. (.* என்றால் எந்த எழுத்தும் எத்தனை முறையும் வரலாம் என்று பொருள்.) இதே வேலையை ^((?!விளம்பரம்).)*$ என்றும் எழுதுவார்கள். அது ஒவ்வொரு எழுத்தின் முன்னும் நின்று கேள்வி கேட்டுக் கேட்டு நகரும். விடை ஒன்றுதான், முதல் வடிவம் படிக்க எளிது, பொதுவாக வேலையும் குறைவு. பல நிபந்தனைகளை அடுக்கவும் முதல் வடிவமே தோது:

^(?!.*பரிசு)(?!.*குலுக்கல்)(?=.*முடிவு)

‘பரிசு’ கூடாது, ‘குலுக்கல்’ கூடாது, ‘முடிவு’ இருக்கவேண்டும். மூன்றும் ஒரே இடத்தில், அதாவது தொடக்கத்தில், நின்றுகொண்டு கேட்கப்படுகின்றன என்பதைக் கவனித்தால் லுக்அஹெட் முழுக்கப் புரிந்துவிடும்.

கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் எடுத்துக்காட்டுகள் குவிந்து கிடக்கின்றன. தொடக்கக் குறியை விட்டுவிட்டு (?!விளம்பரம்).* என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. ‘விளம்பரம்: புதிய வீடுகள்’ என்ற தலைப்பில் முதல் எழுத்தில் நின்று பார்க்கும்போது தோல்விதான். ஆனால் ரெஜெக்ஸ் என்ஜின் அதோடு விடாது. ஒரு எழுத்து நகர்ந்து மறுபடி முயலும். அங்கிருந்து பார்த்தால் ‘விளம்பரம்’ தொடங்கவில்லை, வெற்றி. அதாவது இந்த வடிவம் உலகத்தில் உள்ள எல்லாத் தலைப்புக்கும் பொருந்தும். ^.*(?!விளம்பரம்) என்று இடம் மாற்றி எழுதினாலும் அதே கதைதான்: .* வரி முழுவதையும் விழுங்கிவிட்டுக் கடைசியில் போய் நிற்கும். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை, ஆகவே ‘விளம்பர’மும் இல்லை.

இன்னொன்று சதுர அடைப்புக் குழப்பம். [^0-9] என்றால் எண் அல்லாத ஒன்று என்று எல்லாரும் படித்திருப்பார்கள். அதே கையோடு [^விளம்பரம்] என்று எழுதிவிடுவார்கள். சதுர அடைப்புக்குள் சொல் என்ற ஒன்றே கிடையாது. வ, இகரக் குறி, ள, ம, புள்ளி, ப, ர என்ற ஏழில் எதுவும் அல்லாத ஏதாவது ஒரு குறி எங்கேயாவது இருந்தால் போதும் என்றுதான் அதற்குப் பொருள். ஒரு இடைவெளி இருந்தாலே நிறைவேறிவிடும் நிபந்தனை.

உன் கருவி என்ன கேட்கிறது

வடிவம் சரியாக இருந்தும் வடிகட்டி தப்பாக நடப்பதற்குப் பாதிக் காரணம் கருவி. ‘தடு’ என்று பெயரிட்ட கட்டத்தில் ^(?!.*விளம்பரம்) என்று எழுதினால் இரட்டை எதிர்மறையாகிவிடும், விளம்பரங்கள் மட்டும் வந்துசேரும், மற்றதெல்லாம் போய்விடும். கட்டமே ‘இல்லை’ என்று சொல்லும்போது வடிவத்தில் நேர்மறையாக ‘விளம்பர’ என்று எழுதினால் போதுமானது.

பல விதிகளை இணைக்கும் இடத்தில் ‘ஏதேனும் ஒன்று’, ‘எல்லாமும்’ என்று தேர்வு இருக்கும். 2007இல் தொடங்கி 2015இல் மூடப்பட்ட, ஓடைகளை இணைத்து வடிகட்ட உதவிய யாஹூ பைப்ஸ் சேவையின் வடிகட்டிக் கட்டத்திலேயே அனுமதி, தடை என்று ஒரு தேர்வும், ஏதேனும், எல்லாம் என்று இன்னொரு தேர்வும் இருந்தன. ‘பரிசு இல்லை’, ‘குலுக்கல் இல்லை’ என்று இரண்டு விதி எழுதி ‘ஏதேனும் ஒன்று’ என்று விட்டால், இரண்டும் சேர்ந்து வரும் உருப்படி மட்டும்தான் தடுக்கப்படும். தனித்தனியாக வருபவை தாராளமாக உள்ளே வரும். எதிர்மறை விதிகளுக்கு ‘எல்லாமும்’, நேர்மறையாக எழுதித் தடுக்கும் விதிகளுக்கு ‘ஏதேனும்’. கணிதவியலர் டி மார்கன் 19ஆம் நூற்றாண்டிலேயே தருக்க விதியாக எழுதிவைத்த விஷயம். ஆனாலும் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தடுக்கி விழுகிறது.

லுக்அஹெட் எல்லா என்ஜினிலும் கிடையாது என்பது அடுத்த அதிர்ச்சி. கூகுள் 2010இல் வெளியிட்ட, ரஸ் காக்ஸ் எழுதிய ஆர்இ2 நூலகம் வேண்டுமென்றே அதை விட்டுவிட்டது. உரையின் நீளத்துக்கு ஏற்ற நேரத்தில் வேலை கட்டாயம் முடியும் என்று உறுதி தருவதற்காகக் கொடுத்த விலை அது. கோ மொழியின் ரெஜெக்ஸ் தொகுப்பும், ரஸ்ட் மொழியில் பரவலாகப் பயன்படும் ரெஜெக்ஸ் தொகுப்பும் அதே வழியில் நடக்கின்றன. கோ மொழியில் எழுதப்பட்ட மினிஃப்ளக்ஸ் என்ற செய்தியோடை வாசிப்பான் (?! என்று எழுதினால் ஏற்காது. அதற்குப் பதில் தடுக்கும் விதி, வைத்துக்கொள்ளும் விதி என்று இரண்டு தனிக் கட்டங்களைத் தருகிறது. கிரெப் காலத்துத் தீர்வுதான், ‘இல்லை’ வெளியே. இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: ‘வைத்துக்கொள்’ என்பது அங்கே தடைக்கு விலக்கு அன்று, ‘இவை மட்டும் போதும்’ என்று பொருள். விளம்பரத் தடுப்பான்களின் பட்டியலில் @@ என்று தொடங்கும் வரிகள்தான் உண்மையான விலக்கு. முதலில் தடு, ஆனால் இதை மட்டும் விடு. இரண்டும் பெயரளவில் ஒன்றுபோல இருப்பதால் குழம்பாதவர் குறைவு.

எங்கே பொருத்திப் பார்க்கிறது என்பதும் கருவிக்குக் கருவி மாறும். சில உரையின் எந்தப் பகுதியில் இருந்தாலும் பொருத்தம் என்று எடுத்துக்கொள்ளும். சில முழு உரையும் பொருந்தவேண்டும் என்று அடம்பிடிக்கும். கண்காணிப்புக் கருவியான ப்ரோமீதியஸ் இரண்டாவது வகை. அங்கே !~ என்ற குறியோடு வெறும் ஒரு சொல்லை எழுதினால், மதிப்பு அந்தச் சொல்லாக மட்டுமே இருக்கும் வரிசைகள் விலகும். அந்தச் சொல்லை உள்ளே கொண்ட மற்றவை அசையாது. இருபக்கமும் .* சேர்க்கவேண்டும்.

தரவுத்தளங்களில் வேறொரு பள்ளம். போஸ்ட்கிரஸில் தலைப்பு !~ 'விளம்பர' என்ற நிபந்தனை, தலைப்பே இல்லாத வரிகளையும் சத்தமில்லாமல் விலக்கிவிடும். காலி மதிப்பை (NULL) எதனோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, ‘தெரியாது’. நிபந்தனை உண்மையாகும் வரிகளைத்தான் தரவுத்தளம் தரும். தலைப்பில்லாத வரியில் விளம்பரம் இல்லை என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. காலியாக இருக்கலாம் என்று தனியாக ஒரு நிபந்தனை சேர்த்தே ஆகவேண்டும்.

கடைசியாக, ஒரு செங்குத்துக் கோடு. விளம்பர|பரிசு|குலுக்கல்| என்று பட்டியலின் முடிவில் தவறி ஒரு கோடு விழுந்துவிட்டால், அதற்கடுத்து இருப்பது வெற்றுரை. வெற்றுரை எல்லாவற்றிலும் இருக்கிறது. பெரும்பாலான என்ஜின்களில் ஓடை முழுவதும் ஒரே நொடியில் காலியாகும். தடைச் சொற்களைக் கோப்பில் வைத்துக் கிரெப்புக்குக் கொடுப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு: அந்தக் கோப்பில் ஒரு வெற்று வரி இருந்தால் போதும். நிரலால் தானாக உருவாக்கப்படும் பட்டியல்களில் இது நடக்கும் வாய்ப்பு அதிகம்.

‘தங்க’த்தைத் தடுப்பது

இதுவரை சொன்னவை எந்த மொழி உரைக்கும் பொருந்தும். தமிழ் ஓடைகளை வடிகட்டுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு பாடு இருக்கிறது, இங்கேதான் கொஞ்சம் நிற்கவேண்டும்.

ஒருவருக்குத் தங்கம் விலைச் செய்திகள் சலித்துவிட்டன, தடுக்க நினைக்கிறார். ‘தங்கம்’ என்று எழுதினால் ‘தங்கத்தின் விலை’, ‘தங்க நகை’ தப்பிவிடும். அதனால் பொதுப்பகுதியாகத் ‘தங்க’ என்று எழுதுகிறார். ‘தங்கும் விடுதி’ போய்விட்டது. ‘தங்கை’யும் போய்விட்டாள். காரணம், நாம் ‘கு’ என்பதை ஒரே எழுத்தாகப் பார்க்கிறோம். யூனிகோடில் அது க, உகரக் குறி என்ற இரண்டு. ரெஜெக்ஸ் என்ஜின் ‘தங்க’ வரைக்கும் பார்த்துப் பொருந்திவிட்டது என்று முடிவுகட்டிவிடும், பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் உகரத்தை அது கண்டுகொள்ளாது. ‘கட’ என்று தேடினால் ‘கடிதம்’ வருவதும், ‘பட’ என்று தேடினால் ‘படிப்பு’ வருவதும் இதனால்தான்.

உயிர்க்குறி தொடரக்கூடாது என்று சொல்லிவிடலாம்:

தங்க(?![ா-ௌ])

அடைப்புக்குள் இருப்பது துணைக்கால் முதல் ஔகாரக் குறி வரையிலான வரிசை. திரையில் புள்ளிவட்டத்தோடு அலங்கோலமாகத் தெரியலாம், வேலை செய்யும். ‘தங்கை’, ‘தங்கும்’, ‘தங்கி’ மூன்றும் பிழைத்தன. இப்போது விளையாட்டுச் செய்தி படிப்பவர் கேட்கிறார்: ‘தங்கப் பதக்கம்’ எங்கே? அதையும் விலக்குப் பட்டியலில் சேர்க்கவேண்டும். சேர்த்த மறுநாள், ‘வெள்ளத்தில் சிக்கியவர்கள் முகாமில் தங்க வைக்கப்பட்டனர்’ என்ற செய்தி காணாமல் போகும். இந்தத் ‘தங்க’வும் விலையுள்ள ‘தங்க’வும் எழுத்தளவில் ஒன்றேதான்.

தங்க(?![ா-ௌ]|ப் ?பதக்க| வைக்க)

இவ்வளவுக்குப் பிறகும் ‘விடுதியில் தங்க அனுமதி’ மாட்டிக்கொள்ளும். வாக்கியத்தைப் புரிந்துகொள்ளாமல் இதைப் பிரிக்க வழியில்லை. ரெஜெக்ஸ் வாக்கியத்தைப் புரிந்துகொள்ளாது. மாறாக, தேடுவதைக் குறுக்கி, ‘தங்க’த்தோடு ‘விலை’, ‘சவரன்’, ‘கிராம்’ போன்ற சொற்களில் ஒன்றும் சேர்ந்து வந்தால் மட்டும் தடு என்று எழுதினால் விலக்குகளின் வால் நீளாது. விலக்குகளை அடுக்கிக்கொண்டே போவதைவிடத் தடுக்கவேண்டியதைத் துல்லியமாக்குவது எப்போதும் மேல்.

‘சொல் எல்லை’க் குறி கைகொடுக்காதா என்று கேட்கலாம். ஆங்கில உரையில் அது பெரிய பலம். 1996இல் ஏஓஎல் நிறுவனத்தின் கெட்ட வார்த்தை வடிகட்டி, இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் என்ற ஊர்ப்பெயரின் நடுவே ஒரு வசைச்சொல்லைக் கண்டுபிடித்து அவ்வூர்க்காரர்கள் கணக்குத் தொடங்குவதையே தடுத்த கதை பிரபலம். சொல் எல்லையைப் பார்த்திருந்தால் அந்தக் கூத்து நடந்திராது. ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் குறி ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுத்தாகக் கருதுகிறது. பைத்தானின் உள்ளமைந்த ரெஜெக்ஸ் தொகுப்பு தமிழ் எழுத்தை எழுத்து என்று ஒப்புக்கொள்ளும், உயிர்க்குறியையும் புள்ளியையும் ஒப்புக்கொள்ளாது. ஆகவே ‘படம்’ என்ற சொல் அதன் கணக்கில் புள்ளிக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. எல்லையை நாமேதான் வரையவேண்டும்:

(?<![ஃ-௺])அணி

முன்னால் எந்தத் தமிழ்க் குறியும் இருக்கக்கூடாது என்கிறது இது. பின்பக்கமும் இப்படி வேலி போடலாம் என்றால், ‘அணியின்’, ‘அணிக்கு’, ‘அணிகள்’ எல்லாம் தப்பிவிடும். வேலி போடாவிட்டால் ‘அணில்’ மாட்டும். முன்பக்கமும் முழு நிம்மதி இல்லை: ‘எதிரணி’, ‘மகளிரணி’ என்று புணர்ந்து வந்தால் அகரம் மறைந்துவிடுகிறது, தேட அந்த எழுத்தே இல்லை. வேற்றுமை உருபும் புணர்ச்சியும் சேர்ந்த மொழியில் ‘இந்தச் சொல் வேண்டாம்’ என்று சொல்வது, அந்தச் சொல் எடுக்கும் எல்லா உருவங்களையும் எண்ணிப் பார்த்தபிறகுதான் முடியும்.

கண்ணுக்கே தெரியாத சிக்கல் ஒன்றும் உண்டு. ‘போட்டி’யில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது, திரையிலும் ஒன்றுபோலவே தெரியும். ரெஜெக்ஸ் என்ஜின் குறியீடு குறியீடாக ஒப்பிடுவதால் இரண்டும் அதற்கு வேறு வேறு. ஒரு ஓடையில் வேலை செய்த விதி இன்னொரு ஓடையில் செய்யாமல் போனால் முதலில் சந்தேகப்படவேண்டியது இதைத்தான். வடிகட்டுவதற்கு முன் வடிவத்தையும் உரையையும் யூனிகோடு இயல்பாக்கம் செய்து, சமமான உருவங்களை ஒன்றாக்கிவிட்டால் தீர்ந்தது.

விலக்குக்குள் விலக்கு

‘போட்டி’ பற்றிய செய்திகள் வேண்டாம், ‘இறுதிப் போட்டி’ மட்டும் வரட்டும் என்பது அடிக்கடி எழும் தேவை. (?<!இறுதிப் )போட்டி என்று எழுதலாம். இடைவெளி இல்லாமல் ‘இறுதிப்போட்டி’ என்றும் எழுதுவார்கள். இடைவெளியை விருப்பத்துக்கு விட்டால் பைத்தான் மறுத்துவிடும். பின்னோக்கிப் பார்க்கும் பகுதியின் நீளம் மாறக்கூடாது என்பது அதன் விதி. இரண்டு பின்னோக்குகளை ஒட்டி வைப்பது சுலபமான வழி:

(?<!இறுதிப் )(?<!இறுதிப்)போட்டி

இதில் பலர் தவறவிடுவது வேறொன்று. விலக்கு என்பது அந்தச் சொல் வந்த இடத்துக்குத்தான், உருப்படி முழுமைக்கும் அன்று. ‘கடும் போட்டிக்குப் பின் இறுதிப் போட்டிக்குத் தகுதி’ என்ற தலைப்பில் இரண்டாவது ‘போட்டி’ தப்பித்தாலும் முதலாவது மாட்டிக்கொள்ளும், செய்தி போய்விடும். ‘இறுதிப் போட்டி எங்காவது இருந்தால் இந்த உருப்படியைத் தொடாதே’ என்பதுதான் நோக்கம் என்றால், அதை உருப்படி அளவிலேயே சொல்லவேண்டும்: ^(?!.*இறுதிப் ?போட்டி).*போட்டி என்று எழுதித் தடுக்கும் கட்டத்தில் வைக்கலாம். அல்லது உண்மையான விலக்குக் கட்டம் உள்ள கருவியில் இரண்டு எளிய விதிகளாகப் பிரிக்கலாம். வசதி இருந்தால் இரண்டாவதுதான் என் தேர்வு. ஒரே வடிவத்தில் தடையையும் விலக்கையும் பின்னினால், ஆறு மாதம் கழித்துத் திருத்த வருபவர் அதைத் தொடவே பயப்படுவார்.

ஓடை என்பது வெறும் உரை அன்று

ஆர்எஸ்எஸ் (RSS), ஆட்டம் (Atom) என்ற இருவகை ஓடைகளில் தலைப்பு, சுருக்கம், முழு உள்ளடக்கம், இணைப்பு, எழுதியவர், பிரிவு என்று தனித்தனிப் புலங்கள் உள்ளன. பிரிவுப் புலம் ஒழுங்காக நிரப்பப்பட்ட ஓடைக்கு ரெஜெக்ஸே தேவைப்படாது. பிரிவைப் பார்த்து விலக்கிவிடலாம். உள்ளடக்கம் முழுவதிலும் ‘விளம்பர’ என்று தேடினால், ஒவ்வொரு பதிவின் அடியிலும் ‘விளம்பரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்’ என்று நிரந்தரமாக ஒரு வரி இருந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். தலைப்பில் தொடங்குவது பாதுகாப்பு.

சுருக்கத்திலும் உள்ளடக்கத்திலும் எச்டிஎம்எல் குறிச்சொற்கள் கலந்திருக்கும். ஒரு சொல்லின் பாதி தடித்த எழுத்தில் இருந்தால் நடுவே குறிச்சொல் நுழைந்து வடிவம் உடைந்துவிடும். இடைவெளிபோலத் தெரிவது பிரியா இடைவெளியாக இருக்கலாம், ‘ப் ?பதக்க’ என்று சாதாரண இடைவெளி போட்ட வடிவம் அதைக் காணாது. வரி முறிவு இன்னொரு ஓட்டை: புள்ளிக்குறி பொதுவாக வரி முறிவைத் தாண்டாது. ஆகவே ^(?!.*விளம்பர) என்பது முதல் வரியை மட்டும் சோதித்துவிட்டு நல்லபிள்ளை என்று சான்று கொடுத்துவிடும், இரண்டாம் வரியில் விளம்பரம் உட்கார்ந்திருக்கும். வரி முறிவையும் சேர்த்துக்கொள்ளும் தெரிவை இயக்கவேண்டும். நேர்மறையாக ‘விளம்பர’ என்று தேடி வெளியே புரட்டியிருந்தால் இந்தத் தொல்லையே எழாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைத் தின்னும் வடிவங்கள்

பின்வாங்கி முயலும் என்ஜின்களில் மோசமான செலவு ஏற்படுவது பெரும்பாலும் பொருத்தம் கிடைக்காதபோதுதான். எல்லா வழியையும் முயன்று பார்த்துவிட்டே ‘இல்லை’ என்று சொல்லும். தடை விதிகளுக்கோ பொருந்தாமல் போவதுதான் அன்றாடம். நூறில் தொண்ணூற்றைந்து உருப்படி நல்லது என்றால், அந்தத் தொண்ணூற்றைந்துக்கும் என்ஜின் கடைசிவரை போய்த் திரும்பவேண்டும்.

2019 ஜூலை 2 அன்று, இணையத்தளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தன் தடுப்புச்சுவரில் ஒரு புதிய விதியைச் சேர்த்தது. தீங்கான நிரல்களை அடையாளம் காண எழுதப்பட்ட அந்த வடிவத்தில், .*.*=.* என்று சுருக்கிச் சொல்லத்தக்க ஒரு பகுதி இருந்தது. இரண்டு .* அடுத்தடுத்து நின்றால், உரையை இரண்டுக்கும் எப்படிப் பங்கிடுவது என்று எல்லாவிதமாகவும் முயலவேண்டிவரும். அதன் சர்வர்களின் செயலிகள் உச்சத்தைத் தொட்டு, அதன் வழியே போகும் தளங்கள் சுமார் 27 நிமிடங்கள் தடுமாறின. அதற்கு மூன்றாண்டுக்கு முன், 2016 ஜூலை 20 அன்று, நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடங்கள் முடங்கியது. வரியின் முனைகளில் உள்ள இடைவெளியை நீக்கும் எளிய வடிவம், சுமார் 20,000 இடைவெளிகள் தொடர்ந்து வந்த ஒரு பதிவில் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு இடைவெளியிலிருந்தும் தொடங்கி முயன்று தோற்றதில் ஒப்பீடுகள் சுமார் 20 கோடியைத் தொட்டன.

ஓடை என்பது பிறர் எழுதும் உரை. அடுத்த உருப்படியில் என்ன வரும் என்பது நம் கையில் இல்லை. நேர உறுதி தரும் ஆர்இ2 வகை என்ஜின் கிடைத்தால் லுக்அஹெட்டை இழந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொள்ளலாம். ‘இல்லை’யை நிரலில் ஒரு சொல்லாக எழுதிக்கொண்டால் போயிற்று. கிடைக்காவிட்டால், நேர வரம்பு வைப்பதும் உருப்படியின் நீளத்தை வெட்டிக்கொண்டு சோதிப்பதும் குறைந்தபட்சத் தற்காப்பு.

விலக்கப்பட்டவை எங்கே போகின்றன

புதிய விலக்கு விதியை எழுதியதும் நேராக நீக்கும் வேலையில் இறக்கக்கூடாது. முதலில் அடையாளமிட மட்டும் செய்யட்டும்: உருப்படி வரட்டும், ஆனால் எந்த விதி எந்தச் சொல்லைப் பிடித்தது என்ற குறிப்போடு தனி அடுக்கில் வரட்டும். சில நாள் அந்த அடுக்கைப் புரட்டினாலே ‘தங்கை’யும் ‘அணில்’லும் தலைகாட்டிவிடும். அதன்பின் நீக்கும் நிலைக்கு மாற்றினாலும், நீக்கியவற்றின் பட்டியலைக் கொஞ்ச காலம் வைத்திருப்பது நல்லது. ஒரு விதி திடீரென்று வழக்கத்தைவிடப் பலமடங்கு பிடித்தால், ஓடையின் அமைப்பு மாறியிருக்கிறது அல்லது யாரோ தவறுதலாக ஒரு செங்குத்துக் கோட்டைச் சேர்த்திருக்கிறார் என்று பொருள்.

ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் அது பிடிக்கவேண்டிய தலைப்பு இரண்டு, விடவேண்டிய தலைப்பு இரண்டு என்று எழுதிவைத்து, விதியைத் தொடும்போதெல்லாம் அவற்றின்மேல் ஓட்டிப் பார்க்கலாம். விடவேண்டிய தலைப்புகளைத் தேடி எழுதுவதுதான் கடினம். பயனும் அதில்தான் அதிகம். சில விதிகள் எவ்வளவு திருத்தினாலும் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. ‘தங்க’ போன்ற இருபொருள் சொற்களுக்கான விதிகளை நான் நீக்கும் நிலைக்கு உயர்த்துவதே இல்லை. அடையாளமிடும் அடுக்கிலேயே விட்டுவைக்கிறேன்.